வருமுன் காட்டும் வரைபடம்

பழவேற்காடு ஏரியைப் பற்றி நீங்கள் பூகோளப் பாடத்தில் படித்திருப்பீர்கள். சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவில் உள்ள மிகப் பெரிய உவர்நீர் ஏரி இதுவே. ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலுமாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளத்துக்கு இது பரந்து கிடக்கிறது. ஸ்ரீஹரிகோட்டா தீவு இதை வங்கக் கடலிலிருந்து பிரிக்கிறது. ஆரணியாறு, காளங்கி, ஸ்வர்ணமுகி ஆகிய ஆறுகள் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் உள்ளே ஏறி இறங்குகிறது. இவ்விரு நீரும் கலக்கும் இடத்தில் இறாலும் நண்டும் மடவையும் வளர்கின்றன. அவற்றை நம்பிக் கரையோரக் குப்பங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழ்கின்றன. எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்பதைப் ‘பாடு’ என்னும் பழைய முறைப்படி ஊரார் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வது இங்குள்ள வழக்கம்.

2020-க்குப் பின் வந்த ஆண்டுகளில் இந்தக் குப்பங்களுக்கு ஒரு புதிய தொல்லை வந்து சேர்ந்தது. எண்ணூர்க் கழிமுகத்திலும் பழவேற்காட்டிலும் ஒரு சிறிய கறுப்புச் சிப்பி ஏராளமாகப் பெருகிவிட்டது. மீனவர்கள் இதைக் ‘காக்கா ஆழி’ என்று அழைக்கின்றனர். விஞ்ஞானிகள் இதற்கு இட்ட பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரைகேட்டா. இதன் தாயகம் மத்திய அமெரிக்காவும் தென் அமெரிக்காவும். நூல் போன்ற இழைகளால் ஒன்றோடொன்று பிணைந்து, சேற்றின்மேல் பாய் விரித்தாற்போல் இது மூடிக்கொள்கிறது. சேற்றில் புதைந்து வாழும் இறாலுக்கு அங்கே இடம் இல்லாமல் போகிறது. கையால் தடவி இறால் பிடிப்போரின் கை கால்களைச் சிப்பியின் கூரிய விளிம்பு கிழிக்கிறது. இந்த விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை சென்றது.

இது இங்கே வரக்கூடும், வந்தால் நிலைத்துவிடும் என்று முன்கூட்டியே சொல்லியிருக்க முடியாதா? இதே கேள்வியைப் பயிர்ப் பூச்சிகளைப் பற்றிக் கேட்டால், “ஓரளவுக்கு முடியும்” என்று கடந்த 40 ஆண்டு ஆராய்ச்சி பதில் சொல்கிறது. அந்த ‘ஓரளவு’ எவ்வளவு என்பதையும், அதை நாம் எவ்வாறு பயன்படுத்த வேண்டும் என்பதையும் பற்றி என் கருத்தை இங்கே கூற விரும்புகிறேன்.

மீனவர் வீட்டுக்குப் பூச்சியால் என்ன?

“நாங்கள் ஏரியை நம்பி வாழ்கிறவர்கள், பயிர்ப் பூச்சி எங்கே பரவினால் எங்களுக்கு என்ன?” என்று பழவேற்காட்டு மாணவர் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் விலங்கியல் பாடத்தைச் சற்றே நினைத்துப் பாருங்கள். பூச்சி, இறால், நண்டு ஆகிய மூன்றும் கணுக்காலிகள் என்னும் ஒரே தொகுதியைச் சேர்ந்தவை. வயலில் பூச்சியைக் கொல்லும் மருந்துகள் பல இறாலையும் கொல்ல வல்லவை. பொன்னேரிப் பக்கத்து வயல்களில் தெளிக்கும் மருந்தில் ஒரு பகுதி மழைநீரோடு கால்வாய்க்கும், கால்வாயிலிருந்து ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து ஏரிக்கும் போய்ச் சேரும்.

எந்தப் பூச்சி, எப்போது, எங்கே வரும் என்று தெரியாதபோது விவசாயி என்ன செய்வார்? பயத்தினால் தேவைக்கு மேல் மருந்து தெளிப்பார். முன்கூட்டியே தெரிந்தால் தேவையான இடத்தில், தேவையான நேரத்தில் மட்டும் தெளிப்பார். அல்லது தெளிக்காமலே வேறு வழி தேடுவார். ஆகவே பூச்சியைப் பற்றிய நல்ல முன்னறிவிப்பு மேட்டு நிலத்து விவசாயிக்கு எவ்வளவு தேவையோ, கீழே ஏரியில் இறால் பிடிப்பவருக்கும் அவ்வளவு தேவை.

பூச்சியின் கடிகாரம்

நம் உடலின் வெப்பநிலை வெயிலிலும் குளிரிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. பூச்சிக்கு அந்த வசதி இல்லை. சுற்றிலும் உள்ள காற்று எவ்வளவு சூடோ ஏறத்தாழ அவ்வளவு சூடுதான் அதன் உடலும். வெப்பம் மிகுந்தால் வேகமாக வளர்கிறது. குறைந்தால் மெதுவாக வளர்கிறது. ஒரு கீழ் எல்லைக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றுவிடுகிறது. உயிர்களின் வளர்ச்சியை இவ்வாறு வெப்பத்தைக் கூட்டிக் கணக்கிடலாம் என்னும் கருத்தை 1735-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு விஞ்ஞானி ரியோமூர் வெளியிட்டார்.

மக்காச்சோளத்தைத் தாக்கும் படைப்புழுவை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இப்புழு 2016-இல் ஆப்பிரிக்காவிலும், 2018 மே மாதத்தில் கர்நாடகத்திலும் கண்டுபிடிக்கப்பட்டது. அதே ஆண்டில் தமிழ்நாட்டு மக்காச்சோள வயல்களையும் தாக்கியது. தென்னாப்பிரிக்க ஆராய்ச்சியாளர்கள் இதை ஆய்வுக்கூடத்தில் வெவ்வேறு வெப்பநிலைகளில் வளர்த்துப் பார்த்து 2020-இல் முடிவுகளை வெளியிட்டனர். முட்டையிலிருந்து அந்துப்பூச்சி ஆகும் வரையிலான வளர்ச்சிக்கு இதன் கீழ் எல்லை ஏறத்தாழ 12.5 டிகிரி செல்சியஸ். அந்த எல்லைக்கு மேலே உள்ள டிகிரிகளை நாள்தோறும் கூட்டிக்கொண்டே வந்தால், மொத்தம் ஏறத்தாழ 390 சேரும்போது வளர்ச்சி முடிகிறது.

இப்போது நீங்களே கணக்குப் போடலாம். சராசரி வெப்பநிலை 28 டிகிரி உள்ள ஊரில் நாளொன்றுக்கு 28 – 12.5 = 15.5 சேர்கிறது. 390-ஐ 15.5-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 25 நாட்கள். 20 டிகிரி உள்ள மலைப்பாங்கான ஊரில் நாளொன்றுக்கு 7.5 மட்டுமே சேர்வதால் 52 நாட்கள் ஆகின்றன. இரண்டு ஊர்களிலும் வெப்பநிலை ஒரே ஒரு டிகிரி உயர்வதாகக் கொள்ளுங்கள். சூடான ஊரில் 25 நாட்கள் என்பது 23½ ஆகிறது. குளிர்ந்த ஊரில் 52 என்பது 46 ஆகிறது. ஓர் ஆண்டில் எத்தனை தலைமுறைகள் என்று வகுத்துப் பார்த்தால், இரு ஊர்களிலும் ஏறத்தாழ ஒரு தலைமுறை கூடுதலாகக் கிடைக்கும். ஒரு தாய் அந்துப்பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும் என்பதை நினைவில் வைத்தால், ஒரு தலைமுறை கூடுவது எவ்வளவு பெரிய காரியம் என்பது விளங்கும்.

இந்த நேர்க்கோட்டுக் கணக்குக்கு ஒரு மேல் எல்லையும் உண்டு. வெப்பம் மிக அதிகமானால் பூச்சியும் வாடும், வளர்ச்சி குன்றும், இறுதியில் மடியும். நமது சமவெளிகளில் சித்திரை, வைகாசி வெயில் பல பூச்சிகளுக்கு அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறது. ஆகவே உலகம் சூடானால் எல்லா ஊர்களிலும் பூச்சி பெருகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. சில ஊர்களில் பெருகும், சில ஊர்களில் குறையும். எங்கே எது என்று சொல்வதற்குத்தான் கணிப்பொறி தேவைப்படுகிறது.

வரைபடம் உருவாகும் விதம்

1985-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மத்திய விஞ்ஞான ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த சதர்ஸ்ட், மேவால்ட் என்னும் இருவர் ‘கிளைமெக்ஸ்’ என்ற கணிப்பொறி முறையை வெளியிட்டனர். அதன் அடிப்படை மிக எளிது. ஓர் உயிர் ஓரிடத்தில் நிலைத்து வாழ வேண்டுமானால் அங்கே இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். முதலாவதாக, அது வளர்ந்து பெருகுவதற்கு ஏற்ற காலம் ஆண்டில் போதுமான அளவு இருக்க வேண்டும். இரண்டாவதாக, மீதிக் காலத்தின் கொடுமையை அது தாக்குப்பிடிக்க வேண்டும். கொடுமைகள் நான்கு: கடும் குளிர், கடும் வெப்பம், கடும் வறட்சி, மிகுந்த ஈரம்.

ஒவ்வோர் ஊருக்கும் வாரந்தோறும் உள்ள வெப்பநிலை, மழை, ஈரப்பதம் ஆகியவற்றைக் கணிப்பொறிக்குக் கொடுத்தால், அது 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண் தருகிறது. 0 என்றால் அந்த உயிர் அங்கே நிலைக்க முடியாது. 100 என்பது காண்பதற்கு அரிது. 30-ஐத் தாண்டினாலே மிகவும் ஏற்ற இடம் என்று பொதுவாகக் கொள்கின்றனர். மதிப்பெண்ணுக்கு ஏற்ப வரைபடத்தில் வண்ணம் தீட்டினால் பூச்சியின் எதிர்கால நாடு நம் கண்முன் தெரிகிறது. இம்முறையைச் சரிபார்க்கவும் வழி உண்டு. பூச்சி ஏற்கெனவே வாழும் ஒரு பகுதியைக் கொண்டு எல்லைகளை நிர்ணயித்துவிட்டு, அது வாழும் மற்றொரு பகுதியை வரைபடம் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கலாம்.

இன்றைய வானிலைப் பதிவுகளுக்குப் பதிலாக எதிர்காலத் தட்பவெப்பத்தைக் கொடுத்தால் எதிர்கால வரைபடம் கிடைக்கும். ஆனால் எதிர்காலத் தட்பவெப்பத்தை யார் தருவது? இங்கேதான் இயற்பியல் வருகிறது. காற்றின் ஓட்டம், நீராவி, சூரிய வெப்பம், கரியமில வாயு தடுத்து வைக்கும் வெப்பம் ஆகியவற்றைச் சமன்பாடுகளாக எழுதிக் கணிப்பொறியில் தீர்க்கின்றனர். இத்துறையின் முன்னோடிகளில் ஒருவரான சியுகுரோ மனாபேவுக்கு 2021-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நம் நாட்டிலும் புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையம் இத்தகைய மாதிரி ஒன்றை உருவாக்கியுள்ளது.

இவையெல்லாம் வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. 1960 முதல் பயிர்ப் பூச்சிகளும் பயிர் நோய்களும் பூமத்திய ரேகையை விட்டுத் துருவங்களை நோக்கிச் சராசரியாக ஆண்டுக்கு 2.7 கிலோமீட்டர் வீதம் நகர்ந்து வருவதாக 2013-இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. 50 ஆண்டுகளில் இது ஏறத்தாழ 135 கிலோமீட்டர்; சென்னையிலிருந்து வேலூர் செல்லும் தூரம். படைப்புழுவுக்கு ஆஸ்திரேலியா ஏற்ற இடம் என்று 2018-இல் வெளியான ஓர் ஆய்வு எச்சரித்தது. 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அப்புழு அங்கே போய்ச் சேர்ந்தது.

மரவள்ளி கற்பித்த பாடம்

நமக்கு மிக அருகில் உள்ள உதாரணம் மரவள்ளி மாவுப்பூச்சி. சேலம், நாமக்கல், தர்மபுரி மாவட்டங்களில் மரவள்ளிக் கிழங்கு ஆயிரக்கணக்கான விவசாயிகளின் வாழ்வு. ஜவ்வரிசி ஆலைகளுக்கு அதுவே மூலப்பொருள். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இம்மாவுப்பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவில் பரவி மரவள்ளியைப் பாழாக்கியது. 1981-இல் இதன் இயற்கை எதிரியான ஒரு மிகச் சிறிய குளவி பராகுவே நாட்டில் கண்டுபிடிக்கப்பட்டது. அனகைரஸ் லோபெசி என்பது அதன் பெயர். அது மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். வெளிவரும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்றுவிடும். இக்குளவியை ஆப்பிரிக்கா முழுவதும் பரப்பிய முயற்சிக்குத் தலைமை தாங்கிய சுவிட்சர்லாந்து விஞ்ஞானி ஹான்ஸ் ஹெரன் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

2008-இல் இப்பூச்சி தாய்லாந்துக்கு வந்தது. ஆசியாவில் அடுத்து எங்கே பரவும் என்பதைக் கிளைமெக்ஸ் முறையால் கணித்து 2012-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. ஆபத்து மிக அதிகமாக உள்ள மூன்று இடங்களில் ஒன்றாகக் கர்நாடகத்தின் தென்முனையை அது குறிப்பிட்டது. குளிர் மிகுந்த இடங்களிலும், மழை மிக அதிகமாகப் பெய்யும் தீவுகளிலும் பூச்சி அவ்வளவாகத் தலையெடுக்காது என்றும் அது கூறியது.

2020-இல் மாவுப்பூச்சி இந்தியாவுக்கு வந்தேவிட்டது. முதலில் காணப்பட்ட இடம் கர்நாடகம் அல்ல, கேரளத்தின் திருச்சூர். அடுத்து வந்தது தமிழ்நாட்டின் மரவள்ளி மாவட்டங்களுக்கு. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள அமைப்பு 2021-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து குளவியை வரவழைத்தது. பரிசோதனைகளுக்குப் பின் 2022 மார்ச் மாதத்தில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முதல் முறையாகக் குளவி வயலில் விடப்பட்டது.

இந்த ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். எதிரியைக் கொல்லும் குளவி தெரிந்தது 1981-இல். ஆபத்து தெரிந்தது 2012-இல். ஆபத்து வந்தது 2020-இல். குளவி வயலுக்கு வந்தது 2022-இல். வரைபடத்துக்கும் பூச்சிக்கும் இடையே நமக்கு 8 ஆண்டுகள் இருந்தன. பூச்சிக்கும் குளவிக்கும் இடையே விவசாயிகள் ஏறத்தாழ 2 ஆண்டுகள் காத்திருந்தனர்.

பூச்சி இல்லாத நாட்டில் குளவியை வளர்க்க முடியாது என்பது உண்மை. அதற்கு உணவே அப்பூச்சிதான். அயல்நாட்டு உயிர் ஒன்றை அவசரப்பட்டு அவிழ்த்துவிடவும் கூடாது. அது நன்மை செய்யும் பூச்சிகளைத் தாக்குமா என்று சோதித்தே ஆக வேண்டும். ஆனால் எங்கிருந்து வாங்குவது, யாரிடம் அனுமதி பெறுவது, எந்த நிலையம் வளர்ப்பது, எந்த மாவட்டத்துக்கு முதலில் கொடுப்பது என்ற ஏற்பாடுகளைப் பூச்சி வருமுன்பே காகிதத்தில் முடித்து வைக்கலாம் அல்லவா? இதுவே என் கட்சி. வரைபடத்தின் பயன் அது சரியா தவறா என்பதில் மட்டும் இல்லை. அது தரும் அவகாசத்தை நாம் என்ன செய்கிறோம் என்பதில் இருக்கிறது.

வரைபடம் சொல்லாதவை

“நாளைய மழையையே சரியாகச் சொல்லத் தெரியவில்லை, 30 ஆண்டு கழித்து வரும் பூச்சியையா சொல்லப்போகிறார்கள்?” என்று சிலர் ஏளனம் செய்வதுண்டு. இவர்கள் வானிலையையும் தட்பவெப்பத்தையும் ஒன்றாகக் கருதிவிடுகின்றனர். அடுத்த கார்த்திகை 10-ஆம் நாள் பழவேற்காட்டில் மழை பெய்யுமா என்று யாராலும் இன்று சொல்ல இயலாது. ஆனால் அங்கே சித்திரையைவிடக் கார்த்திகையில் மழை அதிகம் என்பதைச் சிறுவனும் சொல்வான். பூச்சியின் வரைபடம் இந்த இரண்டாவது வகை அறிவைச் சேர்ந்தது.

இதற்கு நேர்மாறாக, வரைபடத்தை வேதவாக்காக எடுத்துக்கொள்வோரும் உண்டு. இயற்பியல் வகுப்பில் எறிபொருளின் பாதையைக் கணக்கிடும்போது ‘காற்றின் தடையைப் புறக்கணிக்கவும்’ என்று போட்டிருக்கும். புறக்கணித்தது எது என்பதை மறந்துவிட்டால் விடை நம்மை ஏமாற்றிவிடும். பூச்சி வரைபடமும் சிலவற்றைப் புறக்கணிக்கிறது.

முதலாவது, பூச்சி வந்து சேரும் வழி. ஓரிடம் ஏற்றது என்று வரைபடம் சொல்லும். அங்கே யார் கொண்டுபோய் விடுவார்கள் என்று சொல்லாது. விதைக் கரணை, பழக்கூடை, கப்பல், விமானம் ஆகிய எதிலும் பூச்சி ஏறி வரலாம். கர்நாடகத்தின் தென்முனைக்குச் சொன்ன பூச்சி திருச்சூரில் முதலில் தென்பட்டதை நினைவு கொள்ளுங்கள்.

இரண்டாவது, மற்ற உயிர்கள். தட்பவெப்பம் ஏற்றதாக இருந்தாலும் தின்பதற்குப் பயிர் இல்லையென்றால் பூச்சி நிலைக்காது. இயற்கை எதிரி இருந்தால் பெருகாது.

மூன்றாவது, சிறிய இடங்களின் தன்மை. உலகத் தட்பவெப்ப மாதிரிகள் பூமியைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. ஒரு கட்டத்தின் பக்கம் பெரும்பாலும் 100 கிலோமீட்டர் அளவில் இருக்கும். 60 கிலோமீட்டர் நீளமுள்ள பழவேற்காடு ஏரி முழுவதும், அதைச் சுற்றியுள்ள வயல்களோடும் குப்பங்களோடும், அப்படிப்பட்ட ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடக்கூடும். முகத்துவாரம் திறந்திருக்கிறதா, மணல் மூடிவிட்டதா என்பது அக்கட்டத்துக்குத் தெரியாது.

ஏரிக்கு என்ன கணக்கு?

காக்கா ஆழிக்கும் இதே முறையில் கணக்குப் போடலாம். 1986-இல் இச்சிப்பி அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஒரு மின்நிலையத்துக்கு நீர் எடுக்கும் இடத்தில் ஏராளமாகக் காணப்பட்டது. 1987-இன் குளிர்காலத்துக்குப் பின் அது மறைந்துவிட்டது. குளிர் தாங்காமல் அழிந்ததாகவே கருதப்படுகிறது. பிறகு 2004-இல் மீண்டும் அங்கே தென்பட்டது. ஆகவே குளிர் அதற்கு ஒரு வேலி.

பழவேற்காட்டில் அந்த வேலி கிடையாது. மார்கழியிலும் நம் ஏரி நீர் அவ்வளவு குளிர்வதில்லை. வெப்பநிலையை மட்டும் வைத்து வரைபடம் போட்டால் தமிழ்நாட்டுக் கடற்கரை முழுவதும் ஒரே சிவப்பாகத்தான் இருக்கும். எல்லா இடமும் சிவப்பு என்று சொல்லும் வரைபடம் எந்த இடத்தைக் காப்பது என்பதற்கு உதவாது. இங்கே முடிவு செய்வது உப்பு. வடகிழக்குப் பருவமழையில் ஆறுகள் பெருகும்போது ஏரி நீர் ஏறக்குறைய நன்னீர் ஆகிவிடும். கோடையில் முகத்துவாரம் தூர்ந்து நீர் ஆவியாகும்போது கடல்நீரையும் மிஞ்சும் அளவுக்குக் கரிக்கும். இச்சிப்பி உப்பின் இவ்வளவு பெரிய ஏற்ற இறக்கத்தையும் பெருமளவு தாங்கும் இயல்புடையது என்பதுதான் கவலைக்குரிய செய்தி. ஆயினும் எந்த மூலையில் எத்தனை நாள் எவ்வளவு உப்பு என்று தெரிந்தால், எங்கே அது மிகுதியாகப் பெருகும், எப்போது அகற்றினால் பலன் கிடைக்கும் என்பதை ஓரளவு சொல்ல முடியும். அந்த விவரத்தைப் புனேயிலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ யாரும் அளந்து தர முடியாது. ஏரிக்கரையில் இருப்பவர்கள்தாம் அளக்க வேண்டும்.

ஒரு யோசனை

புயல் வரும்போது எண்ணூரிலும் சென்னையிலும் துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள். “ஒன்றாம் எண் கூண்டு ஏற்றியாயிற்று” என்றால் என்ன பொருள் என்பது குப்பத்துக் குழந்தைக்கும் தெரியும். யாரும் வீட்டை விட்டு ஓடுவதில்லை. ஆனால் கடலைக் கவனிக்கத் தொடங்குவார்கள். எண் ஏற ஏற, படகைக் கரையேற்றுவார்கள், வலையைச் சுருட்டுவார்கள். புயல் சில சமயம் திசை மாறிப் போய்விடுவதும் உண்டு. அதற்காகக் கூண்டு ஏற்றியதே தவறு என்று யாரும் சொல்வதில்லை.

வந்தேறும் பூச்சிகளுக்கும் சிப்பிகளுக்கும் இதைப்போல் ஒரு கூண்டு வேண்டும் என்பது என் யோசனை. ஓர் உயிர்க்கு நம் மாவட்டத்தின் தட்பவெப்பம் ஏற்றது என்று வரைபடம் சொன்னால் ஒன்றாம் எண். அதன் படமும் அடையாளமும் விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் பள்ளிகளுக்கும் தமிழில் போய்ச் சேர வேண்டும். அது அண்டை நாட்டிலோ அண்டை மாநிலத்திலோ காணப்பட்டால் இரண்டாம் எண். அப்போது தடுப்பு ஏற்பாடுகள் காகிதத்தில் தயாராகிவிட வேண்டும். நம் மாவட்டத்தில் முதல் பூச்சி தென்பட்டால் மூன்றாம் எண். அன்றே வேலை தொடங்க வேண்டும்.

இம்முறை இருந்திருந்தால் மரவள்ளிக்கு 2012-இல் ஒன்றாம் எண்ணும், 2020-இல் கேரளத்தில் பூச்சி தென்பட்டதும் இரண்டாம் எண்ணும் ஏறியிருக்கும். காக்கா ஆழி 2016-இல் சிங்கப்பூரில் காணப்பட்டது. கேரளத்து உப்பங்கழிகளில் அது இருப்பதாக 2019-இல் ஆய்வுக் கட்டுரைகள் வெளியாயின. கேரளச் செய்தி வந்த அன்றே பழவேற்காட்டுக்கு இரண்டாம் எண் கூண்டு ஏறியிருக்கலாம். கப்பல்கள் நிலைப்பாரத்துக்காக ஏற்றி வரும் நீரோடும், அவற்றின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டும் இத்தகைய உயிர்கள் பரவுவது தெரிந்ததே. அந்த நீரைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை 2017 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. தேடிப் பார்க்க வேண்டிய இடமும் தெரிந்திருந்தது. தேட வேண்டிய உருவமும் தெரிந்திருந்தது. முதல் பத்துச் சிப்பிகளைப் பிடுங்கி எறிவதும், ஏரித் தரையை மூடிய பாயைப் பெயர்த்தெடுப்பதும் ஒன்றாகுமா?

இதற்குப் புதிதாக ஒரு பெரிய நிறுவனம் வேண்டியதில்லை. ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள் அளக்கும் கடல் வெப்பநிலையையும் நீரின் பசுமையையும் கொண்டு, மீன் திரளக்கூடிய இடங்களை மீனவர்களுக்கு அறிவித்து வருகிறது. மீன் எங்கே இருக்கும் என்று சொல்லும் விஞ்ஞானம், மீனுக்குப் பகை எங்கே வரும் என்றும் சொல்லலாம். செய்தி மேலிருந்து கீழே வந்தால் மட்டும் போதாது; கீழிருந்து மேலேயும் போக வேண்டும். வலையில் புதிதாக ஒன்று வந்தால் முதலில் பார்ப்பவர் பாட்டுக்குப் போனவர். இலையின் அடியில் வெள்ளையாக ஒன்று தெரிந்தால் முதலில் பார்ப்பவர் களை பறிப்பவர். அவர்கள் சொல்வதைப் பதிவு செய்துகொள்ள ஓர் இடம் இருக்க வேண்டும்.

இதில் மாணவர்களாகிய உங்களுக்கும் பங்கு உண்டு. ஏரியில் ஒரு குறிப்பிட்ட இடத்தில், வாரத்துக்கு ஒரு நாள், அதே நேரத்தில், நீரின் வெப்பநிலையை அளந்து எழுதுங்கள். ஆசிரியரின் உதவியோடு ஒரு லிட்டர் நீரை எடுத்து, வடிகட்டி, முழுவதும் வற்றக் காய்ச்சி, எஞ்சும் உப்பை நிறுத்துப் பாருங்கள். சாதாரணக் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் கிடைக்கும். பருவமழையில் எவ்வளவு, கோடையில் எவ்வளவு, முகத்துவாரத்தின் அருகே எவ்வளவு, உள்ளே போகப் போக எவ்வளவு என்று ஓராண்டு எழுதினால், 100 கிலோமீட்டர் கட்டத்துக்குத் தெரியாத ஒரு செய்தி உங்கள் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். வயலோரப் பள்ளி மாணவர்கள் மழையையும் வெப்பநிலையையும், எந்தத் தேதியில் எந்தப் பூச்சியைப் பார்த்தார்கள் என்பதையும் எழுதலாம். தேதியும் இடமும் மட்டும் தவறாமல் இருக்க வேண்டும். அவை இல்லாத அளவு எந்த வரைபடத்துக்கும் பயன்படாது.